கடைசி வளைவில் இனி இறங்க வேண்டாம்

என் வண்டியை யாராவது நிழலுக்கு நகர்த்தி வைத்தால் நல்லது, ஐயா. உங்கள் சோதனைச் சாவடிக்கு வெளியே சைடு ஸ்டாண்டில் நிற்கிறது. வெயில் நேராக டேங்க் மேல் விழுகிறது, பெயின்ட் புதிது. நகர்த்துகிறவர் ஸ்டார்ட் செய்ய வேண்டியதில்லை, தள்ளினாலே நகரும். ஆசைப்பட்டால் ஸ்டார்ட் செய்தும் பார்க்கட்டும். ஒரே உதைதான். அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டுவிட்டால் நான் சொல்லப்போவதில் பாதி அவருக்கே புரிந்துவிடும்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் என்பது இந்த மலைப்பாதையின் கடைசி வளைவுதான். இங்கிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாலே தெரிகிறது, பாருங்கள், அந்த வெள்ளைக் கற்கள் இருக்கும் இடம்.

என் வண்டி நீண்ட பயணத்துக்கென்றே அந்தக் காலத்தில் செய்யப்பட்டது. அகலமான சீட், பெரிய டேங்க், இரண்டு பக்கமும் பெட்டிகள். உடம்பு யானை, உள்ளே துடித்தது முயல். சமதரையில் குறை சொல்ல முடியாது. மேட்டில் மூச்சு வாங்கும். இந்தக் கடைசி வளைவுக்கு வரும்போது முதல் கியரில்கூடத் திணறும்; கிளட்ச் தீயும் வாசனை வரும். என் மனைவி என் தோளை இரண்டு தட்டுத் தட்டுவாள்.

"நிறுத்துங்க, இறங்கிக்கிறேன்."

இறங்கி, ஹெல்மெட்டைக் கூடை மாதிரி கையில் மாட்டிக்கொண்டு நடப்பாள். நான் தனியாக மேலே போய்க் காத்திருப்பேன். கல்யாணமான வருஷத்திலிருந்து ஒவ்வொரு பயணத்திலும் இதே கதை. ஒருமுறை மன்னிப்புக் கேட்டேன். "நடந்தா என்னங்க? காத்து நல்லா இருக்கு. உங்க கிளட்ச் நாத்தத்துலேருந்து எனக்கும் ஒரு விடுதலை" என்றாள். என் மனம் நோகக்கூடாது என்று அப்படிச் சொல்வாள். அவள் மனம் எனக்குத் தெரியும்.

என்ஜின் என்பது பெரிய மர்மம் ஒன்றுமில்லை, ஐயா. ஒரு கிண்ணம் காற்று, அதில் ஒரு துளி பெட்ரோல், ஒரு பொறி. கிண்ணத்துக்குள் ஒரு வெடிப்பு, அதிலிருந்து ஓர் உதை. கிண்ணம் பெரிதானால் உதையும் பெரிது. மற்ற எல்லாமே அந்த உதையைச் சிந்தாமல் பின் சக்கரம்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைதான். இதைப் புரிந்துகொண்ட நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்றைக்கும் யாருக்காவது விளக்கிச் சொல்லும்போது அதே மாதிரி இருக்கிறது. நீங்களும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேட்கிறீர்கள், கவனித்தேன்.

என் வண்டியைச் செய்த கம்பெனி அதே சமயத்தில் இன்னொரு மாடலும் செய்தது. இரண்டும் ஒரே அச்சில் பிறந்தவை. என்னுடையது தம்பி. அண்ணனின் கிண்ணம் ஒன்றரை மடங்கு பெரிது. அண்ணனின் என்ஜினைத் தம்பியின் சேஸுக்குள், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்துக்குள், பொருத்த முடியும் என்பது எனக்குப் பல வருஷமாகத் தெரியும். பின்னால் இருக்கும் இரண்டு போல்ட் துளைகளும் அப்படியே உட்காரும். முன்பக்கத்துக்கு மட்டும் புதிதாக இரும்புத் தகடு வெட்ட வேண்டும். ஆனால் இரண்டு மாடலையுமே நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஊரில் அண்ணன் வண்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பேக்கரிக்காரருடையது.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. என்னை மாஸ்டர் என்பார். என் மனைவியைத் தங்கச்சி என்பார்; வெறும் வாய் வார்த்தையாக அல்ல. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் மெத்தென்ற ரொட்டியாகப் பார்த்து அவரே கொண்டுவந்து கொடுப்பார். அவளும் அண்ணே அண்ணே என்று உயிரை விடுவாள். அவருடைய வண்டிக்குச் சீட் உறை தைத்ததே அவள்தான். என் பட்டறையின் ஒரு பாதியில் என் மெக்கானிக் வேலை, மறு பாதியில் அவளுடைய தையல் மெஷின். ஊரில் பாதி வண்டிகள் அவள் தைத்த உறையில்தான் ஓடுகின்றன.

நாங்கள் நான்கு பேரும் சேர்ந்தே மலைக்கு வருவோம். அவரும் அவர் மனைவியும் இந்த வளைவில் சும்மா முனகிக்கொண்டு ஏறிப்போவார்கள். அந்த அண்ணி பின்னால் திரும்பி, நடந்துவரும் என் மனைவிக்குக் கையசைப்பார். மேலே போனதும் பேக்கரிக்காரர் தொடங்குவார்.

"என்ன தங்கச்சி, மாஸ்டர் வண்டிய விட நீ முன்னாடி வந்துட்ட போலிருக்கே."

"உங்க வண்டி உங்களத் தூக்கிட்டு வருது பாருங்கண்ணே, அதுக்கு மொதல்ல ஒரு மாலை போடணும்."

"என்னையும் சேத்துச் சொல்லு. அவர் மட்டுமா பாரம்?" என்பார் அண்ணி.

மூவரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே அந்த என்ஜினைப் பார்ப்பேன். ஏற்றம் முடித்த பிறகும் அதன் துடிப்பு மாறாது. தூங்கும் குழந்தையின் வயிறு மாதிரி ஏறி இறங்கும்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். என்ஜினை எனக்குக் கொடுங்கள், என் என்ஜினை உங்கள் வண்டிக்குப் பொருத்தித் தருகிறேன், கடைக்கும் வீட்டுக்கும் அது போதும் என்றேன். மீசையில் ஒட்டியிருந்த மாவு உதிரும்படி சிரித்தார்.

"நெஞ்சத் தொறந்து குடுன்னு கேக்குறீங்களே மாஸ்டர். நான் போனப்புறம் எடுத்துக்குங்க. உங்களத் தவிர யாருக்குக் குடுக்கப்போறேன்? ஏம்மா, கேட்டுக்கிட்டியா, நீதான் சாட்சி."

"போறேன் வர்றேன்னு என்ன பேச்சு இது" என்று அண்ணி அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

அதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மனிதர் சாட்சி வைத்துச் சொல்லும் வார்த்தையை விளையாட்டாக எடுத்துக்கொள்வது அவருக்குச் செய்யும் அவமரியாதை. நாள் மட்டும் குறிப்பிடவில்லை. அது ஒன்றுதான் குறை.

இனி வருவது உண்மையிலேயே சுவையானது. விழுந்த வண்டியிலிருந்து நல்ல என்ஜின் ஏன் கிடைப்பதில்லை தெரியுமா? செயின் அறுந்து விழுந்தால், அந்தச் செயின் முன்பக்கம் போய்ச் சுருண்டு என்ஜின் கூட்டையே உடைத்துவிடும். நேருக்கு நேர் மோதினால் முன் சக்கரம் பின்னால் வந்து சிலிண்டரை இடிக்கும். கல்லும் கட்டையும் இருக்கும் இடத்தில் விழுந்தால் பக்கத்து மூடி உரசித் தேய்ந்து ஆயில் கொட்டிப்போகும். அப்படியானால் என்ஜினுக்கு ஒரு கீறல்கூடப் படாமல் ஒரு வண்டி எப்படி விழ வேண்டும்? பக்கவாட்டில் சரிய வேண்டும். புல்லில் வழுக்கிக்கொண்டே போய்த் தானாக நிற்க வேண்டும். தரைக்கும் என்ஜினுக்கும் நடுவில் பலமாக ஏதாவது இருக்க வேண்டும். தொடக்கத்தில் இதை ஒரு விடுகதையாகத்தான் யோசித்தேன். விடை கிடைத்தபோது கால் தரையில் பாவவில்லை.

பேக்கரிக்காரரின் வண்டிக்கு இரும்புக் குழாயில் ஒரு கிராஷ் கார்டு செய்து கொடுத்தேன். அன்பளிப்பு. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு கூடை பன்னும் கேக்கும் வந்து இறங்கின. "என் காலக் காப்பாத்திட்டீங்க மாஸ்டர்" என்றார். மற்றவர்கள் செய்யும் கார்டு முழங்கால் உயரத்துக்கு வரும். சவாரி செய்பவரின் காலைக் காக்கும். நான் வளைத்தது அதைவிடத் தாழ்வு, என்ஜினின் இரு மூடிகளுக்கும் சரியாக வெளியே. இதைக் கூர்ந்து பார்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். நல்ல வேலைப்பாட்டை யாரும் கூர்ந்து பார்ப்பதில்லை, அது எனக்கு எப்போதும் ஒரு வருத்தம்.

என் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கழன்று விழக்கூடாத நட்டுகளுக்குக் குறுக்கே ஸ்ப்ளிட் பின் என்று ஒன்று போடுவோம். தலைமுடி ஊசியை மடக்கினாற்போல் இருக்கும் சின்னக் கம்பி. ஒருமுறை கழற்றியதைத் திரும்பப் போடக்கூடாது. மடங்கி நிமிர்ந்த கம்பி எப்போது வேண்டுமானாலும் முறியும். ஆகவே வேலை தொடங்கும்போதே தேவையான புதிய ஸ்ப்ளிட் பின்களை ஒரு எவர்சில்வர் தட்டில் எடுத்து வைத்துவிடுவேன். வேலை முடிந்ததும் தட்டு காலியாக இருக்க வேண்டும். அதைப் பார்ப்பது என் மனைவியின் பொறுப்பு. தையல் மெஷினிலிருந்தே குரல் கொடுப்பாள், "தட்டு காலியா?" நான் "காலி" என்ற பிறகு, அவளும் ஒரு தடவை வந்து பார்த்த பிறகுதான் வண்டியை எடுத்துப்போகச் சொல்லி ஆளனுப்புவோம். சாப்பிட்ட தட்டில் மிச்சம் வைத்தால் சமைத்தவளுக்குக் கோபம் வருமே, அந்த மாதிரி ஒரு கண்டிப்பு அவளுக்கு.

பேக்கரிக்காரர் பின் பிரேக் பார்க்கச் சொல்லி வண்டியை விட்டுப்போன அன்று தட்டில் ஒன்று மிச்சம் இருந்தது.

"ஏங்க, ஒண்ணு இருக்கே."

"ஒண்ணு கூட எடுத்துட்டேன் போல."

"நீங்களா?" என்று ஆச்சரியப்பட்டுச் சிரித்தாள். "வயசாகுது உங்களுக்கு." அதை எடுத்துத் தன் ஊசி டப்பாவில் போட்டுக்கொண்டாள். அவள் எதையும் வீசமாட்டாள்.

அடுத்த விடுமுறை நாளில் பேக்கரிக்காரர் தனியாக ஒரு சுற்றுப் போனார். அண்ணிக்கு முழங்கால் வலி, அந்த மாதம் முழுக்க அவர் வண்டியில் ஏறவில்லை. அதுவும் முக்கியம்தான். இரண்டு பேர் பாரம் பின் சக்கரத்தை அழுத்தினால் அது அவ்வளவு எளிதில் வழுக்காது. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும், அவர் எப்போதும் பிரேக்கை அழுத்தி மிதிக்கிற இறக்கத்தில், சிறுபாலத்துக்கு முந்தைய வளைவில், பின் சக்கரம் இறுகி நின்றுவிட்டது. வண்டி இடப்பக்கம் புல்லில் சரிந்தது. அவர் நேராகப் போய்ப் பாலத்துச் சுவரில் மோதினார். உடனே போய்விட்டார் என்றார்கள். வேதனை இல்லை.

செய்தி வந்ததும் ஓடினேன். வண்டியின் பக்கத்தில் மண்டியிட்டு என்ஜினைத் தடவினேன். சிலிண்டரைச் சுற்றி மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும், காற்றுப்பட்டுச் சூடு ஆறுவதற்காக. பிஸ்கட் போல உடையக்கூடியவை. ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட உடையவில்லை. கார்டு மட்டும் உரசிப் பளபளவென்று இருந்தது. எனக்குத் தேம்பித் தேம்பி அழுகை வந்துவிட்டது. யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். "கூடப் பொறந்தவன் மாதிரி அழுறாரு பாவம்" என்றார்கள். அந்தக் கண்ணீர் பொய்யில்லை, ஐயா. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் அழுததில்லை.

அண்ணி தன் கணவரின் சொல்லைக் காப்பாற்றினார். துக்கம் கொஞ்சம் அடங்கியதும் வண்டியை எங்கள் பட்டறைக்கே அனுப்பிவிட்டார். "அவர் வாயால சொன்னது. நீங்கதான் கம்பியெல்லாம் போட்டு அத அவ்ளோ பத்திரமா பாத்துக்கிட்டீங்க" என்றார். என் மனைவி அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இப்போது என்ஜின் மாற்றிய கதை. இதைச் சுருக்கச் சொல்லாதீர்கள், தயவுசெய்து.

அண்ணன் என்ஜின் தம்பியை விட இரண்டு விரல் உயரம். சேஸுக்குள் தூக்கி வைக்கப் போனால் மேல் குழாய் இடிக்கும். எப்படிச் சாய்த்தாலும் இடிக்கும். குருவி தலையில் பனங்காய் என்று பட்டறைக்கு வருகிறவர்கள் கேலி செய்தார்கள். நான் அன்று முழுக்க அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பிறகு பளிச்சென்று புரிந்தது. என்ஜினைச் சேஸுக்குள் வைக்கக்கூடாது. என்ஜினைப் பழைய மெத்தை மேல் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும். வெறும் சேஸைத் தூக்கி வந்து அதன் மேல் போர்த்த வேண்டும். பிறகு இரண்டையும் சேர்த்து நிமிர்த்த வேண்டும்.

மனைவியைக் கூப்பிட்டேன். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் சேஸைப் பிடித்துக்கொண்டோம்.

"பாப்பாவுக்குச் சட்டை போடற மாதிரி இருக்குங்க" என்றாள். பேக்கரிக்காரர் போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

"தலைய மொதல்ல நுழை. மெதுவா. காது மாட்டிக்கும்."

"எது காது?"

"கார்புரேட்டர் மாட்டற வாய்."

"பாப்பாவுக்கு எங்கெங்கயோ காது வச்சிருக்கான்."

சிரித்ததில் பிடி நழுவப் பார்த்தது. ஆனால் சேஸ் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. பின் போல்ட்டுகள் இரண்டும் விரலால் தள்ளியதும் உள்ளே போயின. அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது. பூட்டுக்குள் சாவி போகிற மாதிரி அல்ல, வீட்டுக்குள் வீட்டுக்காரன் போகிற மாதிரி. முன்பக்கத்துக்குத் தகடு வெட்டினேன். செயின் ஒரு நூல் அளவு வெளியே ஓடியது. பல்சக்கரத்தை லேத்தில் கொடுத்து முதுகைக் கடைந்து நேராக்கினேன். உதை பெரிதானால் நிறுத்தும் பலமும் பெரிதாக வேண்டும், அதனால் அவருடைய பிரேக்குகளையே முன்னும் பின்னும் மாற்றினேன். பாதுகாப்பில் நான் எப்போதும் கஞ்சத்தனம் பார்த்ததில்லை.

கடைசி வேலையை மனைவிக்கு விட்டேன், சடங்கு மாதிரி. தட்டில் இரண்டே இரண்டு புதிய ஸ்ப்ளிட் பின்கள். தடித்தது சக்கரத்து நட்டுக்கு, அதைப் போட்டாள். மெல்லியது பின் பிரேக் தண்டுக்கு. துளைக்கு எதிரே அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இந்த அளவு வேற எங்கயாவது வருமாங்க?"

"வராது. இந்த ஒரு எடத்துக்கு மட்டும்தான்."

தையல்காரி. எந்தத் துணிக்கு எந்த ஊசி என்று கண்ணாலேயே அளப்பவள். நல்ல கேள்வி கேட்டாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அதன்பிறகு அவள் அதிகம் பேசவில்லை. களைப்பு என்று நினைத்தேன். "தட்டு காலி" என்று மட்டும் மெல்லச் சொன்னாள்.

இன்று காலை கிளம்பினோம். ஐயா, அந்த ஓட்டத்தை என்னவென்று சொல்ல. மலையடிவாரத்தில் தொடங்கிய ஏற்றம் ஏற்றமாகவே தெரியவில்லை. மூன்றாவது கியரில் பாடிக்கொண்டே ஏறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஹெல்மெட்டுக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தேன். எதிரே வந்த லாரிக்காரருக்குக்கூடக் கையசைத்தேன். கடைசி வளைவு நெருங்கியது. துடிப்பு கொஞ்சமும் மாறவில்லை. சத்தமே அவ்வளவு மென்மை, பின்னால் இருப்பவள் பேசுவது தெளிவாகக் காதில் விழுந்தது. பழைய என்ஜினாக இருந்திருந்தால் விழுந்தே இருக்காது.

"ஏங்க."

"சொல்லும்மா."

"அண்ணன் வண்டிக்குப் பிரேக் பாத்த அன்னிக்கு ஒண்ணு மிஞ்சுச்சே. அது அந்தத் தண்டுக்குப் போட வேண்டியதா?"

என்னிடம் ஒரு விஷயம் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால் நான் சொல்லாமல் இருந்ததில்லை. அதுவும் இவ்வளவு சரியாகக் கேட்டால். ஆமாம் என்றேன். விளக்கினேன். பின் பிரேக், சக்கரத்தின் நடுவே இருக்கும் ஒரு வட்டத் தட்டில் பொருத்தப்பட்டிருக்கிறது. மிதிக்கும்போது அந்தத் தட்டும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றப் பார்க்கும். சுற்றவிடாமல் அந்தத் தண்டுதான் பிடித்துக்கொள்கிறது. ஸ்ப்ளிட் பின் இல்லாவிட்டால் நட்டு அதிர்ந்து அதிர்ந்து தானே கழன்றுவிடும். தண்டு நழுவிய பிறகு எப்போது அழுத்தி மிதிக்கிறாரோ அப்போது தட்டு சுழன்று சக்கரத்தை இறுக்கிவிடும். "உங்கண்ணன் முன் பிரேக்கத் தொடவே மாட்டாரே. கை மாவு பெசைய, கால் பிரேக் மிதிக்கன்னு சொல்வாரே" என்றேன். நட்டை நான் தளர்த்தவில்லை, ஒன்றைப் போடாமல் விட்டேன், அவ்வளவுதான் என்பதையும் சொன்னேன். கார்டை ஏன் தாழ்வாக வளைத்தேன் என்பதையும் சொன்னேன். அதைத்தான் யாருமே கவனிக்கவில்லை, அவளாவது தெரிந்துகொள்ளட்டும் என்று. "எல்லாம் உனக்காகத்தாம்மா. இனிமே நீ இந்த வளைவுல எறங்கி நடக்க வேண்டாம்" என்றேன்.

தோளில் இரண்டு தட்டு.

"நிறுத்துங்க. இறங்கிக்கிறேன்."

"வேணாம்மா, தேவையே இல்ல. ரெண்டு பேரையும் அப்படியே தூக்கிட்டுப் போகும், பாரு."

"நிறுத்துங்க."

நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றினாள். கையில் மாட்டிக்கொள்ளவில்லை, சீட்டின் மேல் வைத்தாள். அவளே தைத்த சீட். பிறகு நடக்கத் தொடங்கினாள். நான் மேலே வந்து, வழக்கம்போல இங்கே காத்திருந்தேன். என்ஜினை அணைக்கவில்லை; அந்தத் துடிப்பை அவளும் ஒருமுறை நின்று கேட்கட்டும் என்று. அவள் என்னைத் தாண்டி நேராக உங்கள் சாவடிக்குள் வந்தாள். இடுப்பிலிருந்து ஊசி டப்பாவை எடுத்து, அந்தச் சின்னக் கம்பியை இதோ இந்த மேசை மேல் வைத்தாள்.

அது அன்று மிஞ்சியதுதான், ஐயா. நான்தான் போடாமல் விட்டேன். அவர் விழ வேண்டும் என்றுதான் விட்டேன். எங்கே வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன், படம் போட்டு விளக்குகிறேன்.

ஒரே ஒரு உதவி. அவள் அடுத்த அறையில் இருக்கிறாள் அல்லவா? போய்ச் சொல்லுங்கள், என்ஜின் இன்னும் சூடாகவே இருக்கிறது, திரும்பிப் போவது முழுக்க இறக்கம். நான் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இவ்வளவு பெரிய என்ஜினுக்கு அவள் ஒரு பாரமே இல்லை என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. வண்டிக்குக் கஷ்டமாக இருக்குமே என்று இறங்கிவிட்டாள், வருஷக்கணக்கான பழக்கம், வேறொன்றுமில்லை.